மாதாமாதம் வந்தால் வருமானமா?

மன்னாரில் ஓய்வுகாலப் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: மாதாமாதம் வந்தால் அது வருமானம், முழுவதுக்கும் வரி, மொத்தமாக வந்தால் அது முதல், அதில் யாரும் கைவைக்க முடியாது. வங்கி வரிசையில் இதைக் கேட்கலாம். பேசாலையில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே நிற்கிற கூட்டத்தில் கேட்கலாம். விடுமுறைக்கு ஜேர்மனியிலிருந்து வந்த மச்சான் சொல்வார், ஓய்வுபெற்ற மாஸ்டர் தலையாட்டுவார், காப்புறுதி விற்க வந்த தம்பி மறுக்காமல் சிரிப்பார். இத்தனை பேர் சொல்வதால் சட்டமே அப்படித்தான் என்று நம்பிவிட்டோம். இந்தத் தீர்ப்பின் இரண்டு பாதியும் பிழை.

முதற் பாதியை எடுப்போம். ஆண்டுத்தொகை என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். கையிலிருக்கும் பெருந்தொகையைக் கம்பனியிடம் ஒப்படைக்கிறோம். அது குறித்த காலத்துக்கோ சாகும்வரைக்கோ மாதம் இவ்வளவு தருவதாக எழுதிக் கொடுக்கிறது. 30 இலட்சம் ரூபாய் கொடுத்து, 15 ஆண்டுகளுக்கு மாதம் 30,000 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 180 மாதத்தில் கைக்கு வருவது 54 இலட்சம். கொடுத்தது 30 இலட்சம். ஆகவே ஆதாயம் 24 இலட்சம். மாதக் கணக்கில் சொன்னால், வருகிற 30,000 ரூபாயில் ஏறத்தாழ 16,667 ரூபாய் நாம் கொடுத்த பணமே திரும்பி வருவது. மீதி 13,333 ரூபாய்தான் அந்தப் பணம் ஈட்டியது. வரி கேட்க இடமிருப்பது அந்த 13,333 ரூபாயிடம் மட்டும்.

இதை ஏற்க மறுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். படகு எஞ்சினுக்கோ ஓட்டோவுக்கோ லீசிங் போட்டவர்கள் நம்மிடையே ஏராளம். மாதத் தவணை கட்டுகிறோம். அந்தத் தவணை முழுவதும் லீசிங் கம்பனியின் இலாபம் என்று யாராவது சொல்வார்களா? தவணையில் ஒரு பகுதி முதல், ஒரு பகுதி வட்டி என்பது கடன் வாங்கியவருக்கு நன்றாகவே தெரியும். கட்டி முடிக்கும் முன் எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கப் போனவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கம்பனியும் தன் வரிக் கணக்கில் வட்டியை மட்டுமே வருமானமாகக் காட்டுகிறது. சரி, இப்போது ஆட்களை இடம் மாற்றுங்கள். ஆண்டுத்தொகை வாங்கியவர்தான் கடன் கொடுத்தவர், கம்பனிதான் தவணை கட்டுகிறது. ஆள் மாறியதும் தவணை முழுவதும் வருமானமாகிவிடுமா? பெரிய கம்பனி கொடுத்த கடன் திரும்பி வந்தால் அது முதல், தாழ்வுபாட்டு விதவை கொடுத்த கடன் திரும்பி வந்தால் அது வருமானம் என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் இங்கே குறுக்கே வருவார்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 7ஆம் பிரிவைப் பாருங்கள்; முதலீட்டு வருமானத்தின் கீழ் பங்கிலாபம், வட்டி, வாடகை ஆகியவற்றோடு ஆண்டுத்தொகையும் ஒரே வரிசையில் நிற்கிறது என்பார்கள். நிற்கிறது, உண்மைதான். ஆனால் அதே பிரிவு அந்த வரிசைக்கு முன்பே, முதலீட்டு வருமானம் என்றால் முதலீட்டிலிருந்து வரும் ஆதாயங்களும் இலாபங்களும் என்று சொல்லிவிடுகிறது. கொடுத்த 30 இலட்சம் திரும்பி வருவது எந்த அகராதியில் ஆதாயம்? வரி எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதை அந்த வரிசை காட்டுகிறது. இறைத்ததில் எவ்வளவு உம்முடைய தண்ணீர் என்ற கேள்விக்கு விடை ஆதாயம் என்ற சொல்லில்தான் இருக்கிறது.

வெளிநாடுகளோடு இலங்கை செய்துகொண்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்களும் உண்டு. பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, கனடா என்று நம்மவர்கள் வாழும் நாடுகள் பலவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் ஆண்டுத்தொகைக்குத் தருகிற வழக்கமான வரைவிலக்கணம் இது: பணமாகவோ பணமதிப்பாகவோ முழு ஈடு பெற்றுக்கொண்டு, அதற்குப் பதிலாகக் குறித்த காலங்களில் கொடுக்கக் கடமைப்பட்ட தொகை. ஈடு கொடுத்து வாங்கிய பொருள் என்பதை வரைவிலக்கணமே ஒத்துக்கொள்கிறது. ஒப்பந்தம் தீர்மானிப்பது எந்த நாடு வரி கேட்கலாம் என்பதை. அதில் எவ்வளவு வருமானம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "ஒப்பந்தம் இருக்கிறது, ஒன்றும் கட்டத் தேவையில்லை" என்று ஊருக்கு வந்து அறிவுரை சொல்பவர்களின் தொல்லை தனி.

அந்த நாடுகள் என்ன செய்கின்றன? வரி கட்டிய சேமிப்பைக் கொடுத்துத் சாகும்வரைக்கான தனியார் ஆண்டுத்தொகை வாங்கிய ஒருவர் ஜேர்மனியில் 65 வயதில் அதைப் பெறத் தொடங்கினால், ஒவ்வொரு கொடுப்பனவிலும் 18 சதவீதம் மட்டுமே வரிக்குரியது. 60 வயதில் தொடங்கினால் 22, 67 வயதில் தொடங்கினால் 17. வருடத்துக்கு 6,000 யூரோ பெறும் 65 வயதுக்காரரின் வரிக் கணக்கில் ஏறுவது 1,080 யூரோ. பிரான்ஸில் ஏற்பாடு வேறு, எண்ணம் ஒன்று: முதற் கொடுப்பனவு வரும்போது 60 முதல் 69 வயது என்றால் 40 சதவீதம், 70 அல்லது அதற்கு மேல் என்றால் 30. தொடங்கும்போது எந்தப் படியோ, கடைசிவரை அதே படி. வயது கூடக் கூட வீதம் குறைவதில் கருணை எதுவும் இல்லை, கணக்குத்தான். பிந்தித் தொடங்குபவருக்குக் கம்பனி குறைந்த ஆண்டுகளே கொடுக்கப்போகிறது. ஆகவே ஒவ்வொரு தவணையிலும் முதலின் பங்கு கூடுகிறது, வட்டியின் பங்கு சுருங்குகிறது.

அமெரிக்கா இதை மாதக் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறது. தகுதிபெற்ற தொழிலிட ஓய்வூதியத்துக்கான எளிய முறையில், ஒருவர் 61 முதல் 65 வயதுக்குள் பெறத் தொடங்கினால், வரி கட்டிய பின் அவர் போட்ட பணத்தை 260ஆல் வகுக்க வேண்டும். 1,30,000 டொலர் போட்டிருந்தால் மாதம் 500 டொலருக்கு வரி இல்லை. மாதம் வருவது 1,200 என்றால் 700 டொலர்தான் வரிக்குரியது.

நமது தவறான நம்பிக்கைக்கு வம்சாவளி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைக்கு வருமான வரி வந்தது 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு, பிரித்தானிய அச்சில். அந்தக் காலத்துப் பிரித்தானியாவில் ஆண்டுத்தொகை முழுவதும் வருமானமாகவே கருதப்பட்டது. கணவன் விட்டுச்சென்ற பணத்தைக் கொடுத்து ஆண்டுத்தொகை வாங்கிய பெண், தன் சொந்த முதல் திரும்பி வரும்போது அதற்கும் வரி கட்டினாள். மில்லார்ட் டக்கர் குழு 1954இல் இதைச் சுட்டிக்காட்டியது. ஹரால்ட் மக்மில்லன் நிதியமைச்சராக இருந்த 1956இல் நிதிச் சட்டம் மாறியது. விலைக்கு வாங்கிய ஆண்டுத்தொகையின் முதற்கூறு வரியிலிருந்து விலக்கப்பட்டது. நம்மூர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது 1956க்கு முந்திய இலண்டன் சட்டம். அச்சு வார்த்தவனே அச்சை உடைத்து எழுபது ஆண்டுக்குக் கிட்டவாகிறது.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு பிழையும் ஓடுகிறது. "போட்ட பணம் முழுவதும் கைக்கு வரும்வரை ஒரு சதமும் வரியில்லை, பிறகு பார்ப்போம்" என்பது அது. அமெரிக்காவில் 1934வரை நடைமுறை அதுதான். பிறகு போட்ட பணத்தின் 3 சதவீதத்தை ஆண்டுதோறும் வருமானமாகக் கொண்டு, எஞ்சியதை முதலாகக் கழித்து வந்தார்கள். 1954இல் அதையும் விட்டு, தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு தவணையையும் பிரிக்கும் விகித முறைக்கு வந்தார்கள். 1986இல் அதற்கும் ஒரு கடிவாளம்: போட்ட முதல் முழுவதும் திரும்பி வந்தபின் வருவதெல்லாம் வரிக்குரியது; அதற்கு முன் இறந்துவிட்டால் மீட்காத மிச்சத்தைக் கடைசி வரிப் படிவத்தில் கழித்துக்கொள்ளலாம். நமது தெருமுனைக் கட்சிகள் இரண்டும் ஏற்கெனவே சட்டமாக இருந்து, பொருந்தாமல் கைவிடப்பட்டவை.

இந்தியாவைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "அங்கே அனுவிட்டி முழுவதுக்கும் வரி, தெரியுமோ" என்று கேட்பார்கள். தெரியும். வரி கட்டிய சொந்தப் பணத்தில் வாங்கிய ஆண்டுத்தொகையையும் முழு வருமானமாகவே அங்கே கணக்கிடுகிறார்கள். அது அந்தச் சட்டத்தின் குறை. பெரிய நாடு செய்வதால் கூட்டல் கழித்தல் மாறிவிடாது.

ஆனால் எல்லா மாதப் பணத்தையும் இப்படிப் பிரிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். பணம் எப்படி வெளியே வருகிறது என்று பார்ப்பதை விட்டு, எப்படி உள்ளே போனது என்று பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் வேலை செய்த ஒருவர் தொழிலிட ஓய்வூதிய நிதிக்குப் போட்ட பணத்துக்கு அப்போது வரிச் சலுகை பெற்றிருக்கிறார். அந்த நிதியைக் கொண்டு வாங்கிய ஆண்டுத்தொகை முழுவதும் வரிக்குரியதுதான், அதில் முறையிட ஒன்றுமில்லை. உள்ளே போகும்போது வரி கட்டாத பணம் வெளியே வரும்போது கட்டுகிறது. அதே மனிதர் வீடு விற்ற காசில் இன்னோர் ஆண்டுத்தொகை வாங்கியிருந்தால் அதன் முதற்கூறுக்கு வரி இல்லை. ஒரே கம்பனி, ஒரே நாளில், ஒரே தொகையை இரண்டு வரவாக அவர் கணக்கில் போடலாம். ஒன்று முழுவதும் வருமானம், மற்றது பாதியும் இல்லை. ஜேர்மனியின் அரச ஓய்வூதியம் வேறொரு தடத்தில் போகிறது: 2005இலும் அதற்கு முன்பும் ஓய்வு தொடங்கியவர்களுக்கு 50 சதவீதம் வரிக்குரியது, பிறகு தொடங்குபவர்களுக்கு அந்த ஆண்டைப் பொறுத்து வீதம் ஏறிக்கொண்டே போகிறது. மேலே சொன்ன 18 சதவீதத்தை அதன்மேல் ஒட்டிப் பார்ப்பவர்களுக்கு வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வரும்.

நம்மூர் மாஸ்டரின் பென்சன் இன்னொரு வகை. அதற்காக அவர் சம்பளத்தில் மாதாமாதம் பணம் கழித்ததில்லை. கழித்தது விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு. அவருடைய ஓய்வூதியத்தில் முதல் என்ற கூறே கிடையாது. கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால் அது முழு வருமானம். ஆனால் அரச ஓய்வூதியத்துக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது, ஆகவே வரி இல்லை. இந்த விசித்திரத்தை மாஸ்டர்மார் கவனிக்க வேண்டும். முழு வருமானமான பணத்துக்கு வரியில்லாமல் வாழ்கிற ஒருவர், பாதிக்கு மேல் முதலாக இருக்கிற அயலவரின் ஆண்டுத்தொகையைப் பார்த்து "மாதாமாதம் வருகிறதே, கட்டத்தானே வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்கிறார்.

இனி இரண்டாம் பாதி: மொத்தமாக வந்தால் முதல். பணிக்கொடை போன்ற ஓய்வுகால மொத்தக் கொடுப்பனவுகளுக்குத் தனி வரி அட்டவணை இருக்கிறது. முதல் 1 கோடி ரூபாய்க்கு வீதம் பூச்சியம், அடுத்த 1 கோடிக்கு 6 சதவீதம், அதற்கு மேல் 12. நம்மூரில் யாரும் கட்டியதில்லை என்றால் யாருக்கும் 1 கோடிக்கு மேல் கிடைத்ததில்லை என்றே அர்த்தம். முதல் என்பதால் விட்டிருந்தால் மேற்படிக்கும் வரி இருக்கக்கூடாதே? ஐந்தாண்டு நிலையான வைப்பின் வட்டியை முதிர்வில் ஒரேயடியாக எடுத்தாலும் அது வட்டிதான். கட்டுக் கட்டாக வந்ததற்காக அது முதலாக மாறுவதில்லை.

பணம் வருகிற வேகத்தைப் பார்த்து அதன் இயல்பைத் தீர்மானிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மன்னார்க் கரையை விட நல்ல சாட்சி கிடையாது. அரிப்புக்கும் மரிச்சுக்கட்டிக்கும் எதிரே கிடக்கும் முத்துப் பார்களில் 1892 முதல் 1902 வரை சலாபமே, அதாவது முத்துக்குளிப்பே, நடக்கவில்லை. 1903இல் மீண்டும் தொடங்கி, 1905இல் வரலாறு காணாத விளைச்சல்: 8 கோடிக்கு மேல் சிப்பிகள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்பது ஏற்பாடு. அரசு தன் பங்கை ஏலத்தில் விற்று, ஒரே பருவத்தில் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் எடுத்து, வருடாந்த வருவாய்க் கணக்கில் எழுதிக்கொண்டது. பல ஆண்டுகளாக வளர்ந்து கிடந்த இருப்பை அள்ளி விற்ற பணம் அது. மொத்தமாக வந்தது, வருமானம் என்று பெயர் பெற்றது.

அடுத்து நடந்தது இன்னும் பொருத்தம். 1906இல் பார்கள் இலண்டனில் அமைந்த இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குப் போயின, வருடம் 3,10,000 ரூபாய்க்கு. 1905ஐ அளவுகோலாக வைத்து ஆண்டுதோறும் விளையும் என்று கணக்குப் போட்டவர்கள் எடுத்த குத்தகை. 1907க்குப் பிறகு பார்களில் குளிக்கச் சிப்பி இல்லை. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. அடுத்த சலாபம் 1925இல்தான். மொத்தமாக வந்ததை வருமானம் என்று எழுதியதும் பிழை, இருப்பிலிருந்து வருவதை ஆண்டுதோறும் வரும் வருமானமாக எண்ணி விலை பேசியதும் பிழை. கடலில் இந்தப் பாடத்தைப் படித்த ஊர், வங்கிப் புத்தகத்தில் அதை மறந்துவிட்டது.

என் பக்கத்துக் கணக்கிலும் ஒரு பலவீனம் உண்டு, எதிர்த்தரப்பில் கூர்மையானவர் இருந்தால் அதைத்தான் பிடிப்பார். 30 இலட்சத்தைச் சமமாக 180 மாதத்துக்குப் பிரித்தேன். கடன் அட்டவணைப்படி பார்த்தால் அப்படி இல்லை. அந்தக் கொடுப்பனவுக்குள் மறைந்திருக்கும் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 8.8 சதவீதம். முதல் மாதம் வருகிற 30,000 ரூபாயில் கிட்டத்தட்ட 22,000 வட்டி. கடைசி மாதத்தில் வட்டி சில நூறு ரூபாய்தான். சமமாகப் பிரிப்பது ஆரம்ப ஆண்டுகளில் வரியைக் குறைத்துப் பின்னே தள்ளுகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த முறையில் பிரித்தாலும் 15 ஆண்டின் முடிவில் வரிக்குரியது 24 இலட்சம்தான். எந்த மாதத்தில் எவ்வளவு என்று வாதாடலாம், அதற்கு முறைகள் உண்டு. 54 இலட்சத்துக்கு வரி என்பதற்கு எந்த முறையும் கிடையாது.

"இங்கே யாருக்கு இந்த வரி வரப்போகிறது?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய்வரை தனிநபர் விலக்கு இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த கடற்றொழிலாளர் ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒருவருக்கு வரியும் இல்லை, வாக்குவாதமும் தேவையில்லை. ஆனால் மன்னார் நகரில் இரண்டு கடை வாடகை, பிள்ளைகள் அனுப்பியதில் போட்ட வைப்பு, அதன்மேல் ஓர் ஆண்டுத்தொகை என்று வைத்திருப்பவர்கள் விலக்கின் எல்லையில்தான் நிற்கிறார்கள். நமது உதாரணத்தில், வருடத்துக்கு 3,60,000 ரூபாய் சேர்ப்பதா 1,60,000 ரூபாய் சேர்ப்பதா என்பது முதற்படியில் 12,000 ரூபாய் வித்தியாசம், 36 சதவீதப் படியில் இருப்பவருக்கு 72,000.

வரி கட்டாதவர்களையும் இந்த நம்பிக்கை கெடுக்கிறது. மாதப் பணம் முழுவதும் வரியில் போகும் என்ற பயத்தில், ஆண்டுத்தொகை பொருத்தமாக இருக்கக்கூடியவர்களும் சேமிப்பை மொத்தமாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பணம் மேல்மாடியாகவோ மகளின் சீதனமாகவோ ஒரே வருடத்தில் கரைகிறது, அல்லது வைப்பில் கிடக்கிறது. 30 இலட்சத்தை 8 சதவீத வட்டிக்கு வைத்தால் மாதம் 20,000. முதல் அப்படியே இருப்பதால் அந்த 20,000 முழுவதும் வருமானம், 10 சதவீதம் மூலத்திலேயே பிடிக்கிறார்கள். பிடிக்காமலிருக்கச் சுயபிரகடனம் கொடுக்க முடிந்தவர்களிலும் பலர் கொடுப்பதில்லை. வரிக்குப் பயந்து ஆண்டுத்தொகையை விட்டவர்கள் ஓடிச்சேர்ந்த இடம், ஒவ்வொரு ரூபாயும் வரிக்குரியதாக இருக்கும் இடம்.

ஆண்டுத்தொகையை நான் பரிந்துரைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி முந்திய ஆண்டைவிட 69.8 சதவீதம் ஏறியதைப் பார்த்தபின், 15 ஆண்டுக்கு ஒரே தொகை என்று எழுதிக் கையெழுத்திட யோசிப்பது புத்திசாலித்தனம். அந்த விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் நான் ஆதாயம் என்று சொன்ன 24 இலட்சத்திலும் எவ்வளவு உண்மையான ஆதாயம் என்ற கேள்வி எழும். வாங்குவதற்கும் வாங்காமல் விடுவதற்கும் நல்ல காரணங்கள் உண்டு. வரியைப் பற்றிய பொய்க் கணக்கு அந்தக் காரணங்களில் ஒன்றாக இருக்கக்கூடாது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் கம்பனியிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்கட்டும்: மொத்தம் செலுத்திய கட்டணம் எவ்வளவு, கொடுப்பனவு எந்த நாளில் தொடங்கியது, குறித்த காலமா ஆயுள் முழுவதுமா. வெளிநாட்டு நிதியிலிருந்து பெறுபவர்கள் நான்காவதாக, போட்ட பணத்துக்கு அந்நாட்டில் வரிச் சலுகை கிடைத்ததா என்பதையும் கேட்க வேண்டும். வரிப் படிவம் நிரப்புகிறவர் முன் இந்தத் தாள்கள் இல்லாவிட்டால் வங்கிக் கூற்றில் தெரியும் முழுத்தொகையைத்தான் அவர் எழுதுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. கம்பனிகளும் ஒவ்வோர் ஆண்டும் அனுப்பும் கூற்றில் முதல் இவ்வளவு, ஆதாயம் இவ்வளவு என்று இரண்டு வரி அச்சிடலாம். அவை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய எண்களல்ல. அந்த ஆண்டுத்தொகைக்கு விலை வைத்த அன்றே கம்பனி தனக்காகப் போட்டு வைத்த கணக்குத்தான்.